மாலை போட்டால் நிற்கிறது, கழற்றினால் தொடங்குகிறது: அம்பத்தூர் டர்னர் ஒருவர் சிகரெட்டை விட்ட நிகழ்வு ஆய்வு

வந்த விதம்

இந்த நிகழ்வில் வருபவர் 43 வயது டர்னர், அதாவது லேத் மெஷினில் உலோகத்தைக் கடைபவர். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பத்துப் பேர் வேலை செய்யும் சின்ன லேத் பட்டறை. வீடு கொரட்டூர் பக்கம். மனைவி, பள்ளியில் படிக்கும் மகள், அம்மா. அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். பெயர் வேண்டாம், டர்னர் என்றே வைத்துக்கொள்வோம்.

புகைபிடிப்பதை விட ஆலோசனை சொல்வது எங்கள் வேலை. ஆனால் அவர் சிகரெட்டை விடுவதற்காக எங்களிடம் வரவில்லை. பட்டறையில் கூட வேலை செய்பவருக்கு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். அவருக்கு வயது 51, பட்டறையில் எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். இதய மருத்துவர் அவரை ஆலோசனைக்கு அனுப்பினார். தனியாக அனுப்ப வீட்டில் பயந்ததால் டர்னர் தன் பைக்கில் உட்காரவைத்துக் கூட்டி வந்தார். "ஒரு நாள்ல உங்களுக்கு யார் யார் சிகரெட் கொடுப்பாங்க?" என்று பாயிடம் கேட்டேன். அவர் பேசாமல் பக்கத்து நாற்காலியைக் காட்டினார். டர்னர் சிரித்தார். ஆனால் அடுத்த வாரம் தனியாக வந்து உட்கார்ந்தார்.

மதிப்பீடு

19 வயதில் ஹெல்பராகச் சேர்ந்தபோது பழகியது. இப்போது பகல் ஷிஃப்டில் 12 முதல் 14 வரை, நைட் ஷிஃப்டில் 18 வரை போகிறது. எல்லாமே சிங்கிளாக வாங்குவது. எழுந்த கால் மணி நேரத்துக்குள் முதல் சிகரெட். காபியும் அதுவும் சேர்ந்து உள்ளே போனால்தான் பாத்ரூம் வரும் என்றார். இதைச் சும்மா மனப்பிரமை என்று தள்ளிவிட முடியாது. நிகோடின் குடலைத் தூண்டும். விட்ட முதல் வாரங்களில் மலச்சிக்கல் வருவது தெரிந்த விஷயம்தான். கூச்சத்தினால் யாரும் இதை முன்கூட்டியே சொல்லி வைப்பதில்லை. இந்த ஒரு தொந்தரவுக்காகவே திரும்ப ஆரம்பித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நிகோடின் பிடிமானத்தை அளக்க ஃபாகர்ஸ்ட்ராம் கேள்வித்தாளைப் பயன்படுத்தினோம். ஆறு கேள்விகள், அதிகபட்சம் 10 மதிப்பெண். இவருக்கு 5 வந்தது, அதாவது நடுத்தரம். காய்ச்சலில் படுத்திருந்தாலும் பிடிப்பார். எதை விடுவது கஷ்டம் என்றால் காலையில் பிடிக்கும் முதல் சிகரெட்டை. ஆனால் பஸ்ஸிலோ ஆஸ்பத்திரியிலோ மணிக்கணக்கில் பிடிக்காமல் இருக்கவும் அவரால் முடியும். மூச்சுக் காற்றில் கார்பன் மோனாக்சைடு 17 பிபிஎம் (பத்து லட்சத்தில் 17 பங்கு) காட்டியது. 10-ஐத் தாண்டினால் வழக்கமாகப் புகைப்பவர் என்று பொதுவாக எடுத்துக்கொள்வோம்.

முன்பு விட்டுப் பார்த்ததுண்டா? மகள் பிறந்தபோது மூன்று நாள். ஒரு புத்தாண்டுக்கு, மதியச் சாப்பாடு வரை. "மத்தபடி வருஷா வருஷம் மாலை போடறப்ப விட்டுடுவேன் மேடம், அது கணக்குல வராதில்ல?" என்றார். எனக்கு அதுதான் முதல் கணக்கு.

மாலை போட்ட நாட்களில் நடந்தது என்ன

கார்த்திகை முதல் தேதி மாலை போட்டு, 41 நாள் விரதம் இருந்து, இருமுடி கட்டி மலைக்குப் போய் வருவார். பதினோரு வருடப் பழக்கம். அந்த நாட்களில் ஒரு சிகரெட்கூடக் கிடையாது. நிகோடின் கம் இல்லை, மாத்திரை இல்லை, எங்களைப் போன்றவர்களும் இல்லை. எப்படி என்று கேட்டால் "ஐயப்பன் பார்த்துக்கிறார்" என்பார். அவர் பக்தியில் எனக்குக் கேள்வி ஒன்றும் இல்லை. ஐயப்பனோடு சேர்ந்து வேறு யாரெல்லாம் பார்த்துக்கொண்டார்கள் என்று மட்டும் ஒரு தாளில் நேரவாரியாக எழுதச் சொன்னேன்.

காலை நாலரைக்கு மனைவி எழுப்பிவிடுகிறார். பச்சைத் தண்ணீரில் குளியல், விளக்கு, சரணம். காபி அதற்கப்புறம்தான், அதுவும் பூஜை அறையிலிருந்து நேராக அடுப்படிக்கு வந்து குடிப்பது. முதல் சிகரெட்டுக்கான நேரமே அந்த வீட்டில் இல்லாமல் போகிறது. பட்டறைக்குக் கருப்புச் சட்டையோடு போனால் முதலாளியிலிருந்து ஹெல்பர் பையன் வரை "சாமி" என்கிறார்கள். டீக்கடையில் தனி கிளாஸ். சிகரெட் பிடிக்கிறவர்கள் அவர்களாகவே பத்தடி தள்ளிப் போய் நிற்கிறார்கள். பெட்டிக்கடைக்காரரிடம் ஒரு வருடம் இவரே வாய்விட்டுக் கேட்டிருக்கிறார். "சாமி, என்னைப் பாவத்துல தள்ளாதீங்க" என்று சொல்லி ஒரு கமர்கட்டைக் கையில் வைத்தாராம். சாயங்காலம் குருசாமி வீட்டில் பஜனை. ஒன்பது மணிக்குத் தூக்கம்.

தாள் நிரம்பியதும் அவரே திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் யாரும் அவருக்குப் புத்தி சொல்லவில்லை. புகைபிடித்தால் என்ன வியாதி வரும் என்று யாரும் விளக்கவில்லை. ஆளாளுக்குத் தாங்கள் செய்கிற ஒரு காரியத்தை மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான். சரி, கடைசி நாளையும் எழுதுங்கள் என்றேன். மலை இறங்கி வீட்டுக்கு வந்து மாலையைக் கழற்றி அம்மா கையில் கொடுத்துவிட்டுத் தெருமுனைக்குப் போவார். அங்கே பெட்டிக்கடைக்காரரே கேட்காமல் ஒன்றை எடுத்து நீட்டுவார். அன்றைக்கு எல்லாருக்குமே காவல் வேலை ஒரே நேரத்தில் முடிந்துவிடுகிறது.

இந்த நிகழ்வில் நாங்கள் செய்ததெல்லாம் இந்தத் தாளிலிருந்து வந்ததுதான். மாலை இல்லாமல், முடிவுத் தேதி இல்லாமல், இதே ஆட்களில் யார் எதைத் தொடர்ந்து செய்ய முடியும் என்று பார்த்தோம்.

பட்டறையும் பிரேக்கும்

பொது இடங்களிலும் பணியிடங்களுக்குள்ளும் புகைபிடிக்கத் தடை 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுக்க இருக்கிறது. மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். பெரிய கம்பெனிகளில் நிலைமை எப்படியோ, இந்த மாதிரிப் பட்டறைகளில் அதன் விளைவு என்னவென்றால் சிகரெட் கேட்டுக்கு வெளியே போய்விட்டது, அதோடு சேர்ந்து பிரேக்கும் வெளியே போய்விட்டது. மெஷின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் நின்றால் முதலாளி "என்ன, ஜாப் ஓடலையா?" என்பார். அதே ஆள் வெளியே சிகரெட்டோடு பத்து நிமிடம் நின்றால் யாரும் கேட்பதில்லை. அது அவனுடைய தம் நேரம். டர்னர் இதைச் சொன்னபோதுதான் அவர் எதை விடப் பயப்படுகிறார் என்று புரிந்தது. சிகரெட்டை விட்டால் எட்டு மணி நேரமும் நின்றுகொண்டே இருக்க வேண்டும்.

எனவே முதல் பேச்சுவார்த்தையே முதலாளியோடு. டர்னரும் பாயும் சேர்ந்து போய்ப் பேசினார்கள். காலையும் மாலையும் பத்து பத்து நிமிடம், சிகரெட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிரேக் உண்டு என்று ஒத்துக்கொண்டார். அவருக்கு இதில் சமூக சேவை எண்ணம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. இரண்டு மூத்த ஆட்களில் ஒருவருக்கு ஏற்கெனவே மாரடைப்பு. இன்னொருவரும் படுத்துவிட்டால் ஆர்டர் யார் முடிப்பது என்ற கவலை. நல்லதுதான், அந்தக் கவலை நீடிக்கும்.

யாருக்கு என்ன வேலை

மனைவியிடம் ஒரு வேலையை நிறுத்தச் சொன்னோம், ஒன்றைத் தொடங்கச் சொன்னோம். நிறுத்த வேண்டியது: தினமும் சாயங்காலம் வாசலிலேயே "ஊதுங்க பார்க்கலாம்" என்பதும், சட்டையை மோந்து பார்ப்பதும். அதற்கு அவர் எளிதில் சம்மதிக்கவில்லை. "நான் கேக்கலைன்னா யாருங்க கேப்பா?" என்றார். நியாயமான கேள்வி. ஊதிப் பார்க்கும் வேலையை எங்கள் கருவி செய்யும், அதற்குக் கோபம் வராது என்று சொன்ன பிறகு சமாதானம் ஆனார். தொடங்க வேண்டியது: எழுந்ததும் காபி கிடையாது, வெந்நீர் ஒரு சொம்பு, பிறகு இருவருமாகப் பால் பூத் வரை நடந்து போய்ப் பால் வாங்கி வந்து, அதில்தான் காபி. மாலை நாட்களின் குளியலும் பூஜையும் செய்த வேலையை இந்த நடை செய்தது. மலச்சிக்கலுக்கும் வெந்நீரும் நடையும் கை கொடுத்தன.

ஹெல்பர் பையனுக்கு ஒரே ஒரு உத்தரவு: டீ வாங்கப் போகும்போது அண்ணன் சிகரெட் வாங்கி வரச் சொன்னால் காது கேட்காதவன் மாதிரி வந்துவிட வேண்டும். பெட்டிக்கடையில் மாதக் கணக்கு இருந்தது. பாக்கியை முழுவதும் கொடுத்து நோட்டில் பெயரை அடிக்கச் சொன்னார். கடைக்காரருக்கு வருத்தம்தான், மறைக்கவும் இல்லை. ஆனால் அடித்துவிட்டார்.

பாய்க்குத் தனி வேலை ஒன்றும் கொடுக்கவில்லை. அவர் ஆஸ்பத்திரிப் படுக்கையிலேயே விட்டிருந்தார். பிரேக்கில் டீக்கடைக்கு எதிர்ப்பக்கம், மோர் வண்டியருகே நிற்பார். டர்னரும் அங்கே போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

தேசிய புகையிலை விடுபடல் உதவி எண் 1800-11-2356 பற்றியும் சொன்னேன். கட்டணமில்லாத எண், தமிழிலும் பேசலாம். அவர் கேள்விப்பட்டதே இல்லை. 2018 செப்டம்பரிலிருந்து ஒவ்வொரு பாக்கெட்டிலும் அச்சாகிற எண் அது. பாக்கெட்டின் முன், பின் பக்கங்களில் 85 சதவீதத்தை எச்சரிக்கைப் படமும் வாசகமுமே பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஆனால் சிங்கிளாக வாங்குபவர் கைக்குப் பாக்கெட் வருவதே இல்லையே. டப்பாவைப் பார்ப்பது கடைக்காரர் மட்டும்தான்.

முதல் மூன்று வாரம்

விடும் நாளை அவரே குறித்தார்: நைட் ஷிஃப்ட் முடிந்து பகல் ஷிஃப்டுக்கு மாறும் வாரத்தின் முதல் நாள். நல்ல நாள், நட்சத்திரம் எதுவும் பார்க்கவில்லை. மருத்துவர் 2 மில்லிகிராம் நிகோடின் கம் எழுதிக் கொடுத்தார். முதல் ஆறு வாரம், ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கம்.

இரண்டாம் நாளே போன் வந்தது. விக்கல் நிற்கவில்லை, தொண்டை எரிகிறது. பபிள் கம் மாதிரி இடைவிடாமல் மென்று சாற்றை விழுங்கியிருக்கிறார். நிகோடின் வாயின் உள்தோல் வழியாகத்தான் ஏற வேண்டும். விழுங்கினால் வயிற்றுக்குப் போய்த் தொந்தரவு மட்டுமே மிஞ்சும். மிளகுக் காரம் போல் சுருக்கென்று வந்ததும் மெல்லுவதை நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் அடங்கினால் மறுபடி இரண்டு மெல்லு. இப்படி ஒரு கம் அரை மணி நேரம் வரும். அதற்குக் கால் மணி முன்பிருந்தே காபி, டீ, மோர், ஜூஸ் எதுவும் வேண்டாம். வாயில் புளிப்பு இருந்தால் நிகோடின் ஏறாது. மோர் வண்டிப் பக்கம் நிற்கச் சொன்னவர்களே மோரையும் கட்டுப்படுத்துகிறார்கள் என்று பாய் கிண்டல் செய்தாராம். முதலில் கம், முடிந்த பிறகு மோர் என்று வரிசை மாற்றிக்கொண்டார்கள்.

ஐந்தாம் நாள் வேறு புகார். கை நடுங்குகிறது, மைக்ரோமீட்டரைப் பிடித்து அளவு பார்க்க முடியவில்லை, படபடப்பாக இருக்கிறது, ராத்திரி தூக்கம் இல்லை. இது சிகரெட் இல்லாததால் வரும் நடுக்கம்தான், ஒன்று அடித்தால் சரியாகிவிடும் என்று பட்டறையில் இருவர் வைத்தியம் சொல்லியிருக்கிறார்கள். எத்தனை காபி, டீ என்று கேட்டேன். சிகரெட் இல்லாத வெறுமைக்கு முன்பைவிட அதிகமாகவே குடித்துக்கொண்டிருந்தார். எல்லாம் சேர்த்து ஏழு, எட்டு.

புகையில் இருக்கும் சில வேதிப்பொருட்கள் கல்லீரலில் ஒரு நொதியை முடுக்கிவிடுகின்றன. காஃபினைச் சிதைப்பதும் அதே நொதிதான். எனவே புகைப்பவர் உடம்பில் காஃபின் சீக்கிரம் கரைந்துவிடும். விட்ட சில நாட்களில் அந்த வேகம் குறைந்துவிடுவதால், அதே டிகாக்‌ஷன் காபி இப்போது முன்பைவிடப் பலமாகத் தாக்கும். இது நிகோடினால் நடப்பதில்லை, புகையால் நடப்பது. அதனால் கம் போட்டாலும் இதைத் தடுக்க முடியாது. காபியையும் டீயையும் பாதியாக்கச் சொன்னோம், மதியம் மூன்றுக்கு மேல் எதுவும் வேண்டாம். அடுத்த வாரம் வந்தபோது கை நடுக்கம் நின்றுவிட்டிருந்தது. சென்னையில் சிகரெட்டை விடுகிற யாருக்கும் இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும் என்பது என் கருத்து. நடுக்கத்துக்கும் எரிச்சலுக்கும் பழியை முழுக்கச் சிகரெட் மீது போட்டுவிட்டு, காபியைக் கேள்வியே கேட்காத ஊர் இது.

மூன்றாம் வார முடிவில் மூச்சில் 3 பிபிஎம். அந்தக் கருவி கடைசி ஒரு நாள் கதையைத்தான் சொல்லும், அதற்கு முந்தையதைச் சொல்லாது. இருந்தாலும் அந்த எண்ணைப் போனில் படம் எடுத்து மனைவிக்கு அனுப்பினார்.

சறுக்கல்

இரண்டாவது மாதம், தீபாவளிக்கு முந்தின வார நைட் ஷிஃப்ட். புஷ் (குழாய் போன்ற சின்ன உலோகப் பாகம்) ஜாப் ஒன்றில் உள்விட்டம் கூடிப்போய் நாற்பது பீஸ் ரிஜெக்ட். சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் கத்தினார். ராத்திரி ஒன்றரை மணிக்கு டர்னர் கேட்டைத் தாண்டி நடந்தார். வழக்கமான டீக்கடைக்கோ, நோட்டில் பெயர் அடித்த பெட்டிக்கடைக்கோ போகவில்லை. மெயின் ரோடு வரை போய், தன்னை யாரென்றே தெரியாத ஒரு கடையில் இரண்டு வாங்கிப் பிடித்தார். எங்கள் தாளில் இருந்த அத்தனை பேரும் அவரைத் தெரிந்தவர்கள். தெரியாத கடைக்கு அந்தத் தாளில் இடமே இல்லை.

பிறகு அவர் செய்த காரியம் பாய்க்குப் போன் போட்டது. பாய் தூக்கத்திலிருந்து எழுந்து கேட்ட கேள்வி: "தம்பி, பாக்கெட்டா வாங்கினே, சிங்கிளா?"

"சிங்கிள்தான் பாய். ரெண்டு."

"அப்ப முடிஞ்சு போச்சு. கையில எதுவும் இல்லல்ல? உள்ள போய் வேலையைப் பாரு. காலைல பேசுவோம்."

இதைவிட நல்ல பதிலை நான் கற்றுக்கொடுத்திருக்க முடியாது. திட்டவும் இல்லை, பரவாயில்லை என்று தடவிக் கொடுக்கவும் இல்லை. அடுத்த சிகரெட் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். விட்டவர்கள் இரண்டு சிகரெட்டால் திரும்ப விழுவதில்லை. "போச்சு, இனிமேல் என்ன" என்று மூன்றாவதை எடுப்பதில்தான் விழுகிறார்கள். மனைவியிடம் சொல்ல வேண்டுமா என்று டர்னர் கேட்டார். அவர் விருப்பம் என்றேன். சொன்னார். இரண்டு நாள் வீட்டில் பேச்சு இல்லை, மூன்றாம் நாள் பால் பூத்துக்குச் சேர்ந்துதான் போனார்கள்.

அதிலிருந்து நைட் ஷிஃப்டில் இரவு ஒன்றிலிருந்து இரண்டு மணிக்குள் ஒரு கம் கட்டாயம் என்று சேர்த்தோம். உண்மையான தேவை எப்போது எழுகிறதோ அப்போது வாயில் ஏற்கெனவே நிகோடின் இருக்க வேண்டும். ஏக்கம் வந்த பிறகு கம்மைத் தேடினால், அது ஏறுவதற்குள் கால்கள் கடையில் நிற்கும்.

மாலை கழற்றும் நாள்

கார்த்திகை வந்தது, மாலை போட்டார். அந்த 41 நாள் எங்களுக்குக் கவலை இல்லை. பயமெல்லாம் கடைசி நாளைப் பற்றித்தான். திட்டம் முன்கூட்டியே எழுதியாயிற்று. மலையிலிருந்து வந்த அன்றிரவே கழற்றாமல், மறுநாள் காலை பக்கத்துக் கோயிலில் மனைவி, மகள், அம்மாவோடு கழற்றுவது. அங்கிருந்து தெருமுனைக்குப் போகாமல் நேராக பாய் வீட்டுக்கு. விரதம் முடிந்ததற்கு பிரியாணி. பாய்க்கும் இது புரிந்த விஷயம். ரம்ஜான் மாதம் முழுக்கப் பகலில் தொடாமல் இருந்துவிட்டு, நோன்பு திறந்ததும் முதல் வேலையாகப் பற்ற வைத்தவர்தான் அவரும்.

பிரியாணிக்கு அப்புறம்தான் ஏக்கம் உச்சத்துக்கு வரும் என்று டர்னரே எச்சரித்திருந்தார். பீடா வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தேன். பாக்கும் புற்றுநோய்க் காரணிதான், அதோடு வாயில் எதையாவது அதக்கும் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் பட்டறையிலேயே பார்த்தாயிற்று. அவர்கள் செட்டில் ஒருவர் சிகரெட்டைக் குறைத்துவிட்டு பாக்கும் புகையிலையும் கலந்த மாவாவுக்கு மாறியிருந்தார். பன்னீர் சோடா குடித்தார்கள். ஏக்கம் வந்ததா என்றால் வந்தது. மூன்று, நான்கு நிமிடம் இருந்தது, பாய் பேரனோடு கேரம் ஆடும்போது போய்விட்டது.

அன்று சாயங்காலம் தெருமுனையில் கடைக்காரர் பழக்க தோஷத்தில் எடுத்து நீட்டத்தான் செய்தார். "நோட்டுல பேர் இல்லண்ணே" என்று சொல்லிவிட்டு வந்தாராம்.

இதை எப்படிப் பார்க்கிறேன்

குடும்பத்தின் ஆதரவு இருந்தால் விட்டுவிடலாம் என்று எல்லாரும் சொல்கிறோம். ஆராய்ச்சி அவ்வளவு நேராகச் சொல்லவில்லை. கணவனுக்கோ மனைவிக்கோ ஆதரவாக இருக்கப் பயிற்சி கொடுத்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்த, காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வில், அதனால் நீண்ட காலத்துக்கு விட்டவர்கள் கூடினார்கள் என்பதற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. இன்னொரு பக்கம், அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாமில் 12,067 பேரை 1971 முதல் 2003 வரை தொடர்ந்து, 2008-ல் வெளியான ஆய்வு வேறு ஒன்றைக் காட்டியது. துணைவர் விட்டால் ஒருவர் புகைக்கும் வாய்ப்பு 67 சதவீதம் குறைந்தது. நண்பர் விட்டால் 36. சிறிய நிறுவனத்தில் கூட வேலை செய்பவர் விட்டால் 34. மக்கள் கூட்டம் கூட்டமாக விட்டிருந்தார்கள்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது: "நான் உனக்கு ஆதரவு" என்ற சொல்லுக்குப் பெரிய பலன் இல்லை. பக்கத்தில் இருப்பவர் தன் நடப்பை மாற்றினால் பலன் உண்டு. பாய் ஒரு அறிவுரையும் சொல்லவில்லை. சாலைக்கு அந்தப் பக்கம் போய் நின்றார். பத்துப் பேர் பட்டறையில் அது பெரிய விஷயம், ஆயிரம் பேர் கம்பெனியில் இது இப்படியே நடக்கும் என்று சொல்ல மாட்டேன். ஒருவர் கதையை வைத்து மருந்தின் பங்கையும் குறைத்துப் பேச முடியாது. கம் இல்லாமல் அந்தத் தீபாவளி வாரம் எப்படிப் போயிருக்கும் என்று தெரியாது.

இப்போதைய நிலை

ஆறு மாதம் முடிந்த சந்திப்பில் மூச்சில் 2 பிபிஎம். அந்த இரண்டைத் தவிர வேறு சிகரெட் இல்லை என்கிறார், மனைவியும் அதையே சொல்கிறார். எடை நான்கு கிலோ கூடியிருக்கிறது. விட்ட முதல் வருடத்தில் நான்கைந்து கிலோ ஏறுவது சகஜம்தான், ஆனால் பேன்ட் இறுகுவது அவருக்குப் பிடிக்கவில்லை. பால் பூத் நடையை ஏரிக்கரை வரை நீட்டியிருக்கிறார்கள். பாயும் தொடவில்லை. மாவாவுக்குப் போனவர் இன்னும் வரவில்லை. ஹெல்பர் பையன் புகைக்கிறான், டர்னர் கண்ணில் படாமல்.

கம் வழக்கமாகப் பன்னிரண்டு வாரத்தில் நின்றிருக்க வேண்டும். இவருக்கு நைட் ஷிஃப்ட் வாரங்களில் மட்டும் தினம் இரண்டு இன்னும் ஓடுகிறது. மருத்துவர் அவசரப்படுத்தவில்லை. அடுத்த நைட் ஷிஃப்டில் ஒன்றாக்கி, இரவு ஒன்றரை மணிக்கு மட்டும் வைத்துக்கொள்வது என்று பேசியிருக்கிறோம்.